விளக்கெண்ணெய்க்கு முன் விழுங்கிய மாத்திரை

என் மகளுக்குக் கல்யாணம் பேசிய வருஷம் எனக்கு முப்பத்தெட்டு வயது. பார்த்தால் அப்படித் தெரியாது. காங்கேயம் சந்தைக்கு நானும் மகளும் சேர்ந்து போனால் வளையல்காரர், "அக்காளும் தங்கச்சியும் வந்துட்டாங்க" என்பார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரிடம்தான் வளையல் வாங்குவேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கு?

பதினேழு வயதில் கல்யாணம், மறுவருஷமே மகள். அதற்குப் பிறகு ஒன்றும் உண்டாகவில்லை. அடுத்தது பையனாக வரும் என்று மாமியார் காத்திருந்ததால் ஆபரேஷனும் செய்துகொள்ளவில்லை. காத்திருந்த மாமியார் போய்ச் சேர்ந்தார், பையன் வரவில்லை. இனிமேல் எங்கே ஆகப்போகிறது என்று நானும் இருந்துவிட்டேன். அப்போதுதான் வயிற்று எரிச்சலுக்காகக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அந்தம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், குடும்பத்தையெல்லாம் விசாரித்தார், கடைசியில் கேட்டார்:

"இனிமே ஆகாதுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? நாப்பதுலயும் ஆகும். வேண்டாம்னா அதுக்கு மாத்திரை சாப்பிடுங்க."

எனக்குத் திக்கென்றது. எரிச்சலுக்கு ஒரு ரோஸ் நிற மருந்தும், இதற்கு ஒரு மாத்திரை அட்டையுமாக வீடு வந்தேன். அட்டையில் மூன்று வாரத்துக்கு வெள்ளை மாத்திரை, ஒரு வாரத்துக்குக் கறுப்பு மாத்திரை. கறுப்பு சாப்பிடுகிற வாரத்தில் வீட்டுக்குத் தூரமாகிவிடும். நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். அட்டையில் இருந்த இங்கிலீஷ் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. நிறத்தைப் பார்த்தே சாப்பிட்டேன், காலையில் பல் விளக்கியதும் ஒன்று. ஒரு நாள் விட்டதில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இவர் காதில் போட்ட சேதி களத்தில் காயப்போட்ட தேங்காய் மாதிரி. பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். எங்களுக்குக் கொப்பரைக் களம். எந்த நேரமும் பத்துப் பெண்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் இவர், "எங்க ஊட்டுக்காரி மாத்திரை திங்கறா" என்று ஆரம்பித்தால் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அதனால் அட்டையை வயிற்று மருந்து டப்பாவில் போட்டு வைத்தேன்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பிஸ்கட் டப்பா. எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். இவருக்கு வாயு, எனக்கு எரிச்சல், மகளுக்குச் சும்மாவே மருந்து சாப்பிடப் பிடிக்கும். சப்புகிற மாத்திரை, கரைக்கிற பொடி, ஓமத் தண்ணீர் எல்லாம் அதற்குள் கிடக்கும். புதிதாக ஒரு அட்டை கிடந்ததைப் பார்த்து இவர் கேட்டார்.

"இது எதுக்குப் புள்ள?"

"வயித்துக்குங்க," என்றேன். அது பொய்யா?

சத்தியமங்கலத்திலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அந்த உப்புச் சர்க்கரை நாளுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவள் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்கூடமான ஆசாரத்தின் நடுவில் நான் எப்படி நடந்து வருவேன் என்று மனதுக்குள் இருபது வருஷமாக நடந்து பார்த்து வைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேதிக்குக் குடித்தாக வேண்டும். விருந்து சாப்பிடப் போகிற வயிறு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும் என்பது இவருடைய கட்சி. கடை எண்ணெய் ஆகாது. காட்டில் விளைந்த கொட்டமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சிய விளக்கெண்ணெய். கெட்டியாக, பச்சையாக, சொம்பில் நின்று நம்மைப் பார்க்கும். விசேஷ வேலைக்காக இவருடைய அக்கா, எனக்கு நங்கை, உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். அவராலும் தப்ப முடியவில்லை.

அன்று விடிந்ததும் நான் பல் விளக்கினேன், வெள்ளை மாத்திரையை விழுங்கினேன், திரும்பினேன். இவர் டம்ளரோடு நிற்கிறார்.

"வாயத் தொற புள்ள."

"நானே குடிச்சுக்கறனுங்க. என்ன சின்னப் புள்ளைங்களா நானு?"

"போன நோம்பிக்கு இப்பிடித்தான் வாங்கிட்டுப் போயி செம்பருத்திச் செடிக்கு ஊத்துனே. அது இன்னும் எந்திரிக்கல. தொற."

குடித்தேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நங்கை டம்ளரைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"டேய், மொதல்ல நீ குடிடா. உன்னைய எனக்குத் தெரியும். சின்னதுல அம்மா குடுத்தத அக்கட்டால போயித் துப்புனவந்தான நீயி?"

இவர் மீசையைத் துடைத்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார். பிறகு நங்கை குடித்தார். பிறகு நாலு பேரும் சுடுதண்ணீர் குடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். முதலில் மகள் ஓடினாள். கதவை நங்கை தட்டினார். நங்கை உள்ளே போனதும் இவர் தட்டினார். "அக்கா, மளார்னு வாக்கா!" உள்ளே இருந்து, "போடா, நீதான ஊத்துனே, அனுபவி!" என்று குரல் வந்தது. ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனுஷன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சொம்போடு சோளக்காட்டுக்குள் ஓடிய ஓட்டத்தை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் எனக்கும் வயிறு புரட்டியது. குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"வாந்தி எடுத்தாக் கணக்கில்ல," என்று இவர் எனக்கு மட்டும் இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

அது என்னை விடவில்லை. மற்றவர்களுக்கு மத்தியானத்தோடு நின்றது. எனக்கு மறுநாளும் போயிற்று, அதற்கு மறுநாளும் போயிற்று. நங்கைக்குத் தெரிந்த கைவைத்தியம் ஒன்று உண்டு. தேங்காய் ஓட்டை, எங்கள் பேச்சில் தொட்டியை, சுட்டுக் கரியாக்கி, அம்மியில் மைபோல அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பது. எங்கள் களத்தில் தொட்டிக்கு என்ன பஞ்சம்? அந்த வாரம் முழுக்கக் காலையில் நான் வெள்ளை மாத்திரையை விழுங்குவேன். வாயை மூடுவதற்குள் நங்கை கறுப்பு மோரோடு வந்து நிற்பார். வயிறு நின்றது. பல்லெல்லாம் கறுத்தது. களத்துப் பெண்கள், "அம்மணி சிரிக்காதீங்க, பயமா இருக்குதுங்க" என்றார்கள். நான் வேண்டுமென்றே சிரித்தேன்.

பிறகு கறுப்பு மாத்திரை வாரம் வந்தது. தூரமாக வேண்டிய நாள் வந்தது, போனது. கறுப்பு மாத்திரையும் தீர்ந்தது. ஒன்றையும் காணோம். காலையில் குமட்டல் வேறு. எரிச்சலா, வேறேதாவதா என்று எனக்குப் புரியவில்லை. உப்புச் சர்க்கரைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

நினைத்துப் பாருங்கள். ஒற்றைப் பெண் என்று பேசிய சம்பந்தம். கல்யாண மேடையில் தாய்க்காரி முழுகாமல் இருந்தால் சத்தியமங்கலத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஊர்தான் என்ன பேசாது? மகளுக்கும் அடுத்த வருஷமே உண்டாகிவிட்டால், தலைப்பிரசவத்துக்கு அவள் என்னிடம் வர வேண்டும்; நானோ என் பிள்ளைக்கு வசம்பு உரசிக்கொண்டிருப்பேன். பேரனும் மகனும் ஒரே தொட்டிலில். பேரன் வளர்ந்து, அவனைவிடச் சின்னப் பையனை மாமா என்று கூப்பிடுவான். பயத்தில் அழுகிறவர்கள் உண்டு. எனக்குப் பயம் முற்றினால் சிரிப்பு வரும். அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொண்டே கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

இனி மறைத்துப் பயனில்லை என்று களத்துக்குப் போனேன். பெண்கள் வேலை முடிந்து போயிருந்தார்கள். இவர் கொப்பரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த மாசம் நான் தூரமாகலீங்க."

இவர் கொப்பரையைக் கீழே வைத்தார். பிறகு கை மெல்ல மீசைக்குப் போயிற்று. மீசையைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு தொட்டியை எடுத்து எறிந்தேன்.

"இப்ப மீசையா கேக்குது உங்களுக்கு? மகளுக்கு உப்புச் சக்கரைங்க!"

"இத்தன வருசமா இல்லாதது இப்ப எப்பிடிப் புள்ள? நீ எதையோ தின்னு வயிறு கெட்டிருக்கும். டப்பால உன்ற வெள்ளை மாத்திரை இருக்குதுல்ல, அதப் போடு."

"அதுதானுங்க இதுக்குப் போடற மாத்திரை! புள்ள வேண்டாம்னு டாக்டரம்மா குடுத்தது. நீங்க ஊத்துன வெளக்கெண்ணெய்ல எல்லாம் போயிருச்சோ என்னமோ!"

மீசையிலிருந்து கை இறங்கியது. முகம் வெளுத்துவிட்டது.

"அது வயித்து மாத்திரைன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"எனக்கு வாயுப் புடிச்சப்ப அதுல ரண்டு போட்டுட்டனே புள்ள!"

வாங்கி வைத்திருந்த அடுத்த அட்டையில் இரண்டு குழி காலியாக இருந்ததைப் பார்த்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அது இவர் வயிற்றில் இருந்திருக்கிறது.

"வாயு நல்லாக் கேட்டுச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"பயப்படாதீங்க. உங்களுக்குப் புள்ள பொறக்காது."

அவ்வளவுதான். கொப்பரைக் குவியலில் சாய்ந்து நான் சிரித்தேன். இவர் முதலில் முறைத்தார், பிறகு இவரும் சிரித்தார். பயமும் கூடவே உட்கார்ந்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் சிரித்தோம்.

மறுநாள் சேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். நங்கை தானும் வருகிறேன் என்றார். பல்லடத்தைத் தாண்டினால் உங்களுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொல்லி நிறுத்தினேன்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"மாத்திரையோட வேற என்னென்ன சாப்பிட்டீங்க?"

"எரிச்சலுக்கு நீங்க குடுத்த ரோஸ் மருந்துங்க."

"அதுனால பெருசா ஒண்ணுமில்லீங்க. ரண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் விட்டுக் குடிங்க, போதும். வேற?"

"வெளக்கெண்ணெய்ங்க."

"எப்ப?"

"மாத்திரை முழுங்குன கையோடங்க. வாந்தி எடுத்தேன், அப்பறம் மறுக்காவும் குடிச்சேன். மூணு நாளு நிக்கலீங்க."

பேனா நின்றது. "வேற?"

"தொட்டிக்கரிங்க. மோருல கலக்கி. ஒரு வாரம்."

"அதயும் மாத்திரை போட்ட கையோடயா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "அம்மா, மாத்திரை முழுங்கி மூணு நாலு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தாலோ, பேதி நிக்காமப் போனாலோ, அது முழுங்காத மாதிரிதான். கரி அதுக்கு மேல. வயித்துல இருக்கற மருந்தப் புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல சேர வுடாது. வெஷத்தக் குடிச்சுட்டு வர்றவங்களுக்கு நாங்களே கரிதான் குடுக்கறம்."

"அப்ப எங்கக்கா குடுத்தது இங்கிலீஷ் வைத்தியந்தானுங்களா?" என்று இவர் கேட்டார். நான் காலை மிதித்தேன்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். உண்டாகியும் இருக்கலாம். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மாசம் வராமல் போவதும் உண்டு. இன்றைக்குச் சோதித்தால் சரியாகத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் காலையில் போகிற முதல் மூத்திரத்தைக் கொண்டு வர வேண்டும். அதுவரைக்கும் அடுத்த அட்டையைத் தொடக் கூடாது. ஒரு வாரம் கழித்து என்றால் உப்புச் சர்க்கரை முடிந்துவிடும். தெரியாமலேதான் சபையில் நிற்க வேண்டும்.

எழுந்தோம். இவர் மட்டும் நாற்காலியை விடவில்லை.

"இன்னொண்ணு கேக்கோணுங்க. அந்த மாத்திரைய ஆம்பளைங்க, தெரியாம, ரண்டே ரண்டு..."

டாக்டரம்மா இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. "ஒண்ணும் ஆகாதுங்க. போயிட்டு வாங்க. இனிமே அதத் தனி டப்பால வைங்க" என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

ஒப்பணக்கார வீதியில் சேலை எடுக்கும்போது இவர் என் காதருகே வந்து, "கொசுவம் தாராளமா வர்ற சேலையாப் பாரு புள்ள, வயிறு தெரியாது" என்றார். நான் மயில்கழுத்து நிறத்தில் உடம்பை ஒட்டி நிற்கிற பட்டாகப் பார்த்து எடுத்தேன். எது வந்தாலும் நான் நிமிர்ந்துதான் நிற்பேன்.

உப்புச் சர்க்கரை நாள். வாசலில் பந்தல். பட்டைக் கட்டிக்கொண்டு, தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, சத்தியமங்கலத்து வேன் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தடத்தில் புழுதி தெரிந்தது. அடிவயிற்றில் ஒரு வலி. விளக்கெண்ணெய் இன்னும் விடவில்லையா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் போனேன்.

தூரமாகியிருந்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா!" என்று கத்தியிருக்கிறேன். எனக்கே தெரியாது. இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு புள்ள?"

"ஏனுங்க, தூரமாயிட்டனுங்க!"

இவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மேலே வீசினார். அது முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க நேரமில்லை, வேன் வந்துவிட்டது. துண்டில்லாமலே சம்பந்தி வீட்டாரைக் கும்பிடப் போனார்.

தூரமானவள் அந்தக் காலத்தில் சபைக்கு வர மாட்டாள், தட்டைத் தொட மாட்டாள். மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? மறைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அன்றைக்கு அதை மறைக்க எனக்கு மனமே இல்லை. தண்டோரா போடலாம் என்றிருந்தது. நங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க நங்கை, நீங்கதான் தட்டெடுக்கோணும். நான் தூரமுங்க."

"ஐயோ, இன்னைக்குன்னு பாத்தா அம்மணி! இருவது வருசமா சொல்லிட்டிருந்தியே!" என்று அவர் கண் கலங்கினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நங்கைக்கு என்னைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

பழைய சேலைக்கு மாறிக்கொண்டு, களத்தோரம் கொப்பரைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். சாக்கு இடுக்கு வழியாக ஆசாரம் தெரிந்தது. நங்கை என் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். வேகமாக நடந்தார். நான் மெதுவாக நடப்பதாக இருந்தேன். பரவாயில்லை. மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இனி அவள்தான் இந்த வீட்டில் அடுத்து முழுகாமல் இருக்கப் போகிறவள், நானில்லை. உப்பும் சர்க்கரையும் கைமாறின. கொட்டகைக்குள் நான் ஒற்றையாகக் கை தட்டினேன்.

பந்தி ஆரம்பித்தபோது சம்பந்தியம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். தலை நிறையக் கனகாம்பரம், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் எழுந்து தள்ளி நின்றேன்.

"கிட்ட வராதீங்க சம்பந்தி. தூரமுங்க."

"கேள்விப்பட்டனுங்க. மனசுக்கு என்னமோ ஆயிருச்சு. பெத்தவ இங்க உக்காந்திருக்க, நாங்க அங்க பாயசம் குடிக்கறதா?" என்றவர் குரலைத் தணித்தார். "ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா! தள்ளிப் போடறதுக்கு மாத்திரை இருக்குதுங்களே. என்ற மூத்தவன் கல்யாணத்துக்கு நான் அதத்தான் போட்டேன். ஒரே வாந்தி, அது வேற கதை. நீங்களும் மாத்திரை போட்டிருக்கலாமுல்லங்க?"

மாத்திரை! நான் அடக்கத்தான் பார்த்தேன். உதட்டைக் கடித்தேன், கூரையைப் பார்த்தேன். முடியவில்லை.

"போட்டனுங்க சம்பந்தி. எங்க ஊட்டுக்காரரும் ரண்டு போட்டாருங்க."

அந்தம்மா விழித்தார். அதற்கு மேல் எதை மறைப்பது? விளக்கெண்ணெய், சோளக்காடு, கறுப்பு மோர், டாக்டரம்மா பேனாவை மூடியது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா முதலில் நின்றுகொண்டு சிரித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் தூரம் தீட்டு எல்லாம் மறந்து, பட்டுச் சேலையோடு என் பக்கத்திலேயே கொப்பரைச் சாக்கின் மேல் உட்கார்ந்து, என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"ரண்டு போட்டாருங்களா! வாயுக்கா! அய்யோ, என்ற அடிவயிறு!"

ஆசாரத்திலிருந்து நங்கை கூப்பிட்டார். "சம்பந்தியம்மா எங்கீங்க? எலை போட்டாச்சுங்க!"

"இங்கயே போட்டுருங்க," என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் குரல் கொடுத்தார். "ரண்டு எலை."